ரியாக்டர் மேடமும் பம்ப் சாரும்

போன மாதம் பவித்ரா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பெண். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஒரு சின்னக் கடலாய்வு நிலையம் எங்களுடையது. அங்கே வனத்துறை அனுமதியோடு பவளப்பாறை வளர்க்கும் கண்ணாடித் தொட்டிகள் உண்டு. அந்தத் தொட்டிகளுக்குத் தண்ணீர், காற்று, தீனி எல்லாம் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனாக நான் இருந்தேன். இப்போது அவள் இருக்கிறாள்.

"அண்ணா, பழைய சாமானெல்லாம் கழிச்சுக் கட்டிட்டுப் புதுசு வாங்கறோம். கால்சியம் ரியாக்டர் வாங்கறதா, டோசிங் பம்ப் வாங்கறதா? ரெண்டையும் வருஷக்கணக்கா ஓட்டினவர் நீங்கதானாமே. எது பெஸ்ட்?"

"ஒரு நாள் டைம் குடும்மா" என்றேன்.

"ஒரே வார்த்தையில சொல்ற விஷயம்ணா!"

"அதுதாம்மா கஷ்டம்" என்று சொல்லி போனை வைத்தேன். வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து, இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு என்று பார்த்துவிட்டுப் போனாள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பவளம் என்பது வீடு கட்டிக்கொண்டே இருக்கும் ஒரு உயிர். ராத்திரி பகல் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அந்த வீட்டுக்கு வேண்டியது கால்சியம். கடலில் அதற்குப் பஞ்சமே இல்லை. தொட்டியில் இருப்பதோ கொஞ்சம் தண்ணீர், சீக்கிரம் தீர்ந்துவிடும். தீர்ந்ததை நாம்தான் நிரப்ப வேண்டும்.

நிரப்ப இரண்டு வழி. முதல் வழி ரியாக்டர். ஒரு பெரிய குழாயில் செத்த பவளத் துண்டுகளை அடைத்து, அதற்குள் கரியமில வாயுவை விட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் புளித்துப்போய்த் துண்டுகளைக் கரைக்கும். கரைந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விழும். இரண்டாவது வழி பம்ப். ஒரு கேனில் கால்சியம் கரைசல், இன்னொரு கேனில் சோடா உப்புக் கரைசல். ரப்பர் குழாயை உருளைகள் நசுக்கி நசுக்கித் தள்ளும் சின்னப் பம்ப் அவற்றைக் கடிகாரக் கணக்குப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்குக் கொடுக்கும். இதில் இரண்டே சட்டம். அளவு மீறக்கூடாது, இரண்டு கரைசலும் ஒரே நேரத்தில் போய் விழக்கூடாது. மீறினால் கால்சியமும் சோடாவும் தண்ணீரிலேயே சேர்ந்து வெள்ளைப் பொடியாகி, தொட்டி முழுக்க அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிடும்.

நான் செங்கல்பட்டில் ஐ.டி.ஐ. முடித்தவன். அச்சரப்பாக்கம் பக்கத்தில் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. கொஞ்ச காலம் ஏ.சி. மெக்கானிக்கிடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த வேலை கிடைத்தது. எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்ற ஒன்றை முதலில் பார்த்தவன் நான்தான். பவளத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மோதிரத்தில் பதிப்பார்கள் என்பது மட்டும். மீதியைக் கற்றுக் கொடுத்தவர்கள் டாக்டர் ஸ்டெல்லா மேடமும் டாக்டர் ஜெயபால் சாரும்.

இருவரும் விஞ்ஞானிகள். இருவரும் கணவன் மனைவி. மேடம் தூத்துக்குடிக்காரர், சார் கோயம்புத்தூர்ப் பக்கம். காலையில் ஒரே ஸ்கூட்டரில் பேசிக்கொண்டு வருவார்கள். மேடம் பின்னால் உட்கார்ந்து சாரின் தோளைத் தட்டித் தட்டி எதையோ சொல்லிக்கொண்டே வருவதை நான் பார்த்திருக்கிறேன். வண்டி கேட்டைத் தாண்டும். அவ்வளவுதான், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். மேடத்தின் தொட்டி ரியாக்டர் தொட்டி. சாரின் தொட்டி பம்ப் தொட்டி. இரண்டும் ஒரே அறையில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு முக்காலி. முக்காலியில் நான்.

"ஏனுங்க ஏழுமலை, உங்க மேடத்துகிட்டச் சொல்லுங்க. அவங்க குழாய் ஒழுகுதுங்க" என்பார் சார். மேடம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருப்பார்.

நான் மேடம் பக்கம் திரும்புவேன். வாயைத் திறப்பதற்கு முன்பே பதில் வரும். "அவுககிட்டச் சொல்லுங்க ஏழுமலை. அது ஒழுகல, சொட்டுது. ரியாக்டர்னா சொட்டத்தான் செய்யும்."

மறுபடி இந்தப் பக்கம் திரும்புவேன். அந்த வேலையில் எனக்கு மிச்சமானது கழுத்து வலி ஒன்றுதான்.

இருவரும் வேலை செய்யும் அழகே தனி. ரியாக்டருக்குள் போகும் வாயுவைக் குமிழி எண்ணித்தான் அளக்க வேண்டும். மேடம் இடது கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரலால் தொடையில் தாளம் போட்டபடி எண்ணுவார். அந்த நேரத்தில் யார் வந்து பேசினாலும் தலை நிமிராது. கடிகாரம் இருக்கும் கை மட்டும் மேலே உயரும். ஒருமுறை எங்கள் நிலையத் தலைவரே வந்து குட்மார்னிங் சொன்னார். கை உயர்ந்தது. அவர் வாசலிலேயே, பள்ளிக்கூடத்துக்கு லேட்டாக வந்த பிள்ளை மாதிரி நின்றார். எண்ணி முடித்து, குமிழி ஒன்று அதிகம் என்று வால்வை ஒரு நூல் திருகி, மறுபடி எண்ணி, அதற்குப் பிறகுதான் மேடம் பதிலுக்கு குட்மார்னிங் சொன்னார்.

சார் வேறு தினுசு. கரைசலைக் கலக்கி, துணியில் வடிகட்டி, மறுபடியும் வடிகட்டி, கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நல்ல காபியைப் பார்ப்பது போலப் பார்ப்பார். "தெளிவா இருக்குதுங்க" என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் அது கேனுக்குப் போகும். சொல்லாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. பம்ப் ஓடும் சத்தம் சற்று மாறினாலும், அடுத்த அறையில் போனில் பேசிக்கொண்டிருப்பவர் போனை வைத்துவிட்டு வருவார்.

ரியாக்டருக்கு வேண்டிய வாயுவைச் செங்கல்பட்டில் சோடாக் கம்பெனிக்காரர்கள் வாங்கும் இடத்தில்தான் நாங்களும் நிரப்பினோம். அலுவலக ஜீப் பழுது பார்க்கப் போய்விட்ட ஒரு நாள் நான் சிலிண்டரைத் தோளில் சுமந்து பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"இன்னா அண்ணாத்த, பாமா?"

"பாம் இல்லப்பா. சோடா கேசு."

"ஆபீஸ்ல இன்னா, சோடா யாவாரம் பண்றீங்களா?"

"மீன் தொட்டிக்குப்பா."

"இன்னாது? மீனு சோடா குடிக்குதா?" கண்டக்டர் பஸ் முழுக்கக் கேட்கும்படி திரும்பினார். "கேட்டுகினீங்களா? நம்ம வூட்ல விருந்தாளி வந்தாக்கூட சோடா கெடையாது. இவரு மீனுக்கு வாங்கினு போறாரு!"

பஸ்ஸே சிரித்தது. திருக்கழுக்குன்றம் வரை ஒரு அம்மாள் என்னிடம், அந்த மீனைக் குழம்பு வைத்தால் காரம் ஏறுமா என்று விசாரித்துக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு அந்த வழியில் எனக்கு 'சோடா மீன்' என்று பெயர். இன்றைக்கும் திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் யாராவது கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கிறேன், வெட்கம் கெட்டு.

பம்ப் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. எங்கள் நிலையத்துக்கு மூன்று பேஸ் கரண்ட். மூன்றும் ஒன்றாக வந்த நாள் எங்களுக்குத் திருநாள். சாரின் கால்சியம் பம்புக்கு ஒரு கடிகாரம், சோடா பம்புக்கு ஒரு கடிகாரம், இரண்டும் வேறு வேறு பேஸில். கரண்ட் நின்றால் கடிகாரமும் நிற்கும். ஒருநாள் ஒரு பேஸ் மட்டும் போனது. ஒரு கடிகாரம் தூங்கியது, மற்றது ஓடியது. முன்னும் பின்னுமாகப் போக வேண்டிய இரண்டும் கைகோத்துக்கொண்டு போய் விழுந்தன. சார் தொட்டி லேசாக வெளுத்தது.

"அவுககிட்டச் சொல்லுங்க. என் சிலிண்டருக்குக் கரண்டே வேண்டாம்னு" என்றார் மேடம், சந்தோஷம் பொங்க.

அந்த வாரமே மேடத்தின் வாயு வால்வு தானாகத் தளர்ந்து, குமிழி எண்ண முடியாத வேகத்தில் ஓடி, தொட்டித் தண்ணீரே புளித்து, பவளங்கள் எல்லாம் முகத்தைச் சுருக்கிக்கொண்டன.

"மேடத்துகிட்டக் கேளுங்க ஏழுமலை" என்றார் சார் மிகவும் பணிவாக. "கரண்டே இல்லாம கெட்டுப்போச்சுங்களா?"

இப்படியே வருடங்கள் ஓடின. சண்டை எவ்வளவு முற்றினாலும் மத்தியானம் இருவரும் ஒரே டிபன் கேரியரைத் திறந்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பேசாமல் சாப்பிடுவார்கள். சாருக்குப் பிடித்த அப்பளம் எப்போதும் மேல் தட்டில் இருக்கும். மேடத்துக்குப் பிடிக்காத பாகற்காயை சார் கேட்காமலே தன் பக்கம் எடுத்துக்கொள்வார். அந்த டிபன் கேரியர் தினமும் திறந்துகொண்டிருந்த வரை எனக்கு எந்தக் கவலையும் இல்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து, ஒருநாள் அது திறக்கவில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. ஒரே வேலைக்கு இரண்டு வழி எதற்கு? ஒரு குழு வந்து இரண்டு தொட்டியையும் பார்க்கும். எது சிறந்ததோ அது நிற்கும், மற்றது கலைக்கப்படும். கலைக்கப்பட்ட தொட்டியின் விஞ்ஞானி மேற்கே ஓர் அணைக்கட்டின் அடியில் இருக்கும் கெண்டை மீன் குஞ்சு நிலையத்துக்கு மாற்றலாவார். அதாவது யார் ஜெயித்தாலும் ஒருவர் பெட்டி கட்ட வேண்டும். மாற்றலைத் தடுக்க சார் இரண்டு முறை சென்னைக்குப் போய் வந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் மேடம் குமிழி எண்ணிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்திவிட்டார். அப்படி அவர் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

"ஏழுமலை, நான் ஜெயிக்கணும்."

"ஜெயிப்பீங்க மேடம்."

"ஆனா அவுக தோக்கக் கூடாது. அதுக்கு ஏதாவது வழி இருக்கா?"

எனக்குத் தெரிந்த ஒரே போட்டி கிரிக்கெட். "மழை வந்தா மேட்ச் டிரா ஆவும் மேடம்" என்றேன்.

மேடம் கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நல்ல காலம், திட்டவில்லை.

குழு வரும் நாள் ஆயுத பூஜையை ஒட்டி அமைந்தது. ஸ்டோர் வாட்ச்மேன் கன்னியப்பன்தான் எங்களுக்குப் பூசாரி. பூஜை என்றால் மெஷின் எல்லாம் நிற்க வேண்டும், சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் விஜயதசமி முடியும் வரை யாரும் தொடக்கூடாது என்பது அவர் சட்டம்.

"மோட்டார நிறுத்தினா பவளம் செத்துப்பூடும்ணே" என்றேன்.

கன்னியப்பன் யோசித்தார். "சரி, தண்ணி மோட்டாரு ஓடட்டும். அது உசுரு. ஆனா இந்த ரெண்டும் இன்னா? எப்பப் பாத்தாலும் தின்னக் குடுத்துகினே கீது. ரெண்டு நாள் பட்டினி கெடக்கட்டும்பா, ஒண்ணும் ஆவாது."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. இரண்டு நாளில் பவளம் எதுவும் செத்துவிடாது. மேடம் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர் என்றாலும் பூஜைப் பொரிக்கு முதல் ஆளாக நிற்பவர். இருவருமே சரி என்றார்கள். இரண்டு மெஷினுக்கும் ஒரே ஓய்வு என்றால் யாருக்கும் நஷ்டமில்லையே. ரியாக்டருக்குச் சாமந்தி மாலை விழுந்தது. பம்புக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். வாசலில் பூசணிக்காயை உடைத்துவிட்டு எல்லோரும் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

விஜயதசமி அன்று எனக்கு டூட்டி. மறுநாள் காலை குழு வருகிறது. நான் தொட்டிகளுக்குப் பின்னால் குந்தி, தண்ணீர் அழுக்கை நுரையாகப் பிடிக்கும் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"ஒரு பேப்பர் எடுத்துட்டு வந்துடறேன், நீ இங்கயே நில்லு" என்று சார் மேடத்திடம் சொல்வது காதில் விழுந்தது. உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். தன் கேன்களிலிருந்து அளந்து அளந்து எடுத்தார். டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு முதலில் ஒன்றையும், சற்று நின்று மற்றொன்றையும் ஊற்றினார். தன் தொட்டியில் இல்லை. மேடத்தின் தொட்டியில்! ஊற்றிவிட்டுக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு பூ இதழைத் துடைத்துவிட்டுப் போனார்.

நான் எழுந்திருப்பதற்குள் மேடத்தின் குரல் கேட்டது. "என் கைப்பை உள்ள இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்." கைப்பை அவர் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மேடமும் அதே கேன்களிடம் போனார், அதே போல அளந்தார். சாரின் தொட்டியில் ஊற்றினார். சிலுவை போட்டுக்கொண்டார். போய்விட்டார்.

ஸ்கூட்டர் கிளம்பிய சத்தம் கேட்டது. நான் ஈரக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மெஷின் ஓடாத இரண்டு நாளில் மற்றவர் தொட்டி இறங்கிவிடக்கூடாது என்று இருவருக்கும் ஒரே நினைப்பு. நான் அழுதுவிட்டேன். என் கல்யாணத்தில்கூட நான் அழவில்லை.

அழுது முடித்து நிமிர்ந்தால் இரண்டு தொட்டியும் வெள்ளை!

நடந்தது இதுதான். முதல் நாள் எல்லோரும் பொரிக்கு முண்டியடித்துக்கொண்டிருந்த நேரத்தில், சார் இரண்டு நாள் பங்கைத் தன் தொட்டிக்குக் கையாலேயே ஊற்றியிருக்கிறார். மேடமும் தன் தொட்டிக்கு அதையே செய்திருக்கிறார். ஜெயிக்க வேண்டுமே! இப்போது ஒருவருக்காக ஒருவர் ஊற்றியது அதற்கு மேல். மாமியார் உப்புப் போட்டது தெரியாமல் மருமகளும் உப்புப் போட்ட சாம்பார் கதை. இரண்டு தொட்டியிலும் வெள்ளை வெளேரென்று பொடி உதிர்ந்துகொண்டிருந்தது. பவளங்களின் தலையில் விபூதி பூசியது போலப் படிந்திருந்தது.

அவர்கள் வீட்டுக்கு போன் போட்டேன். வண்டி வந்த வேகத்தில் கேட் அதிர்ந்தது. இருவரும் ஆளுக்கொரு தொட்டியின் முன் போய் நின்றார்கள்.

"ஏழுமலை, யாருங்க என் தொட்டியில கை வெச்சது?"

"ஏழுமலை, என் தொட்டியில யாரு ஊத்துனது?"

இரண்டு கேள்விக்கும் பதில் எதிரும் புதிருமாக நின்றுகொண்டிருந்தது. நான் முக்காலியில் உட்கார்ந்தேன். "இந்த ஒரு தடவ நான் சொல்ல மாட்டேன். நீங்களே ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்குங்க" என்றேன்.

இருவரும் தொட்டியை விட்டுத் திரும்பினார்கள்.

"நீயா?" என்றார் சார்.

"நீங்களா?" என்றார் மேடம்.

கேட்டுக்கு உள்ளே அவர்கள் நேருக்கு நேர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை. அடுத்து ஒரு பெரிய சண்டை நடந்தது, அளவு பார்க்காமல் ஊற்றியது யார் என்று. எனக்கு அந்தச் சண்டை அமிர்தமாக இருந்தது. நான் போய் வாளிகளை எடுத்து வந்தேன்.

மூவரும் சேர்ந்து தண்ணீர் மாற்றினோம். பெரிதாகத் தெளியவில்லை. மறுநாள் காலை குழு வந்தது. குழுத் தலைவர் இறால் வளர்ப்பில் பெரிய ஆள். பவளம் அவருக்குப் புதிது. இரண்டு தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னய்யா இது, ரெண்டுலயும் மோர் ஊத்தி வெச்சிருக்கீங்க?"

"தப்பு என்னுதுங்க" என்றார் சார்.

"இல்ல சார், என்னோட தப்பு" என்றார் மேடம்.

"கண்ணு பட்டுடிச்சு சார். பூசணிக்கா பத்தல" என்றார் வாசலிலிருந்து கன்னியப்பன்.

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இத்தனை வருட அரசாங்க வேலையில் தப்பு என்னுடையது என்று சொல்லும் ஓர் அதிகாரியையே அவர் பார்த்திருக்க மாட்டார். இங்கே அதற்குப் போட்டி நடக்கிறது. அவர் என் பக்கம் திரும்பினார். "ரெண்டையும் ஓட்டறது நீதானேப்பா? நீ சொல்லு. எது நல்லது?"

மேடம் என்னைப் பார்த்தார். சாரும் என்னைப் பார்த்தார். இத்தனை காலம் ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். சொந்தமாகச் சொல்லச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"சார், ரெண்டும் ஒரே நாள்ல ஒரே மாதிரி வெளுத்துகினு கீது. ரெண்டுலயும் பவளம் உசுரோடதான் கீது. பாயிண்டு பாயிண்டா பாத்தா சமம் சார்."

தலைவர் மணியைப் பார்த்தார். அவருக்கு மாமல்லபுரத்தில் மத்தியானச் சாப்பாடு சொல்லி வைத்திருந்தார்கள். முடிவு தெளிவாகத் தெரியாததால் ஒப்பீடு தொடரட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அன்று டிபன் கேரியர் திறந்தது. மேல் தட்டில் அப்பளம் இருந்தது. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

சீக்கிரமே தண்ணீர் தெளிந்தது. ஒரு பச்சைப் பவளத்தின் ஓரம் மட்டும் வெந்து போயிருந்தது. அதுவும் பிறகு தேறிவிட்டது.

அடுத்த வருடமும் குழு வந்தது, அதற்கடுத்த வருடமும் வந்தது. யாரும் யாரிடமும் எதுவும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் குழு வரும் சமயத்தில் மேடத்தின் பவளம் அதிகம் வளர்ந்திருந்தால், அதில் ஒரு கிளை உடைந்து சாரின் தொட்டியில் ஒட்டப்பட்டிருக்கும். சாரின் தொட்டி முன்னால் போனால் பம்ப் குழாய் திடீரென்று விரிசல் விடும். எதற்கும் இருக்கட்டும் என்று நானும் அங்கே இங்கே ஒரு திருகு திருகியதுண்டு. ஒவ்வொரு வருடமும் சமம். ஒவ்வொரு வருடமும் ஒப்பீடு தொடரட்டும். உலகத்தில் எங்கேயும் இவ்வளவு கவனமாக ஒரு ஆராய்ச்சி முடியாமல் பார்த்துக்கொள்ளப்பட்டிருக்காது. சார் ஓய்வு பெறும் வரை அது தொடர்ந்தது. அவர் போன மறு மாதமே மேடம் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தார்.

இப்போது இருவரும் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். பொங்கலுக்கு போன் செய்வார்கள். "ஏழுமலை, அவுககிட்டச் சொல்லுங்க, சர்க்கரைக்கு மாத்திரை போடச் சொல்லி" என்பார் மேடம். சார் பக்கத்தில் இருமுவது எனக்குக் கேட்கும். நானும் சொல்லுவேன். இங்கே சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கோயம்புத்தூரில் ஒரே சோபாவில் இருக்கும் இரண்டு பேருக்கு நடுவே, கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டு.

மறுநாள் சொன்னபடி பவித்ராவைக் கூப்பிட்டேன்.

"யோசிச்சீங்களாண்ணா? ரியாக்டரா, பம்பா?"

"மொதல்ல இத்தச் சொல்லும்மா. உங்க ஆபீஸ்ல புருஷன் பொண்டாட்டி யாராவது வேல செய்றாங்களா?"

"இல்லையேண்ணா. ஏன்?"

"அப்போ எத வோணா வாங்கிக்க."